பாலாற்றுத் தோல் தொழில் பகுதியின் அரசு நடுநிலைப் பள்ளிகள்: மாணவர் பின்னணியும் தேர்ச்சியும்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில், பாலாற்றுப் படுகையை ஒட்டி இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய தோல் தொழில் ஊர்கள் அமைந்துள்ளன. இவ்வூர்களிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளும் நகராட்சி நடுநிலைப் பள்ளிகளும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நடைபெறுகின்றன. இப்பள்ளிகளில் படித்த பிள்ளைகள் எப்பின்னணியிலிருந்து வந்தார்கள், அவர்களுடைய படிப்பு எவ்வாறு அளக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் விளக்குகிறது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும்போது இப்பகுதி அடிக்கடி பேசப்படுகிறது. 2019இல் மாநிலத் தேர்ச்சி 95.2 விழுக்காடாக இருந்தபோது, அன்றைய ஒருங்கிணைந்த வேலூர் மாவட்டம் 89.98 விழுக்காட்டுடன் கடைசி இடத்தில் இருந்தது. 2024இல் மாநிலம் 91.55 விழுக்காடு பெற்றது. பிரிக்கப்பட்ட புதிய வேலூர் மாவட்டம் 82.07 விழுக்காட்டுடன் மீண்டும் கடைசி. 2025இலும் மாநிலத்தின் 93.80 விழுக்காட்டுக்கு எதிரே வேலூர் 85.44 விழுக்காடுதான் பெற்றது. பிள்ளைகள் படிப்பதில்லை, ஆசிரியர்கள் நடத்துவதில்லை என்ற இரண்டு விடைகள் உடனே சொல்லப்படுகின்றன. ஆனால் பத்தாம் வகுப்பில் தெரியவரும் எண்ணுக்கான வேலை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அந்த வகுப்புகளில் யார் இருந்தார்கள், யார் பாதியில் நின்றார்கள் என்பதை அறியாமல் அந்த எண்ணின் பொருளை அறிய முடியாது.

தோல் தொழிலும் குடியமைப்பும்

தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை 1856ஆம் ஆண்டு சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்டது. பின்னர் அப்பாதை பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே ஆம்பூர், வாணியம்பாடி நோக்கி நீண்டது. ஆற்று நீர், ஆவாரம்பட்டை, கடுக்காய், கால்நடைச் சந்தைகள், துறைமுகத்துக்கு இரயில் ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் கிடைத்ததால் பட்டை பதனீட்டுத் தொழில் இங்கு வேரூன்றியது. பாதி பதனிட்ட தோல்கள் சென்னை வழியாக இலண்டன் சந்தைக்குச் சென்றன.

தொழிலை நடத்தியவர்களுள் பெரும்பாலோர் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களின் இஸ்லாமிய வணிகக் குடும்பத்தினர். சுண்ணாம்புத் தொட்டியிலும் பட்டைத் தொட்டியிலும் இறங்கி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் ஆதிதிராவிடர், அருந்ததியர் சமூகத்தினரும் ஏழை இஸ்லாமியரும் ஆவர். ஆகவே ஒரே தொழிலைச் சார்ந்த ஊரிலும் முதலாளி வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் வெவ்வேறு பள்ளிகளுக்குச் செல்லும் நிலை தொடக்கத்திலேயே ஏற்பட்டது.

1970களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு இந்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் செய்யும் தொழிற்சாலைகள் பெருகின. ஷூ கம்பெனிகளில் தையல் வேலைக்குப் பெண்கள் பெருமளவில் சேர்க்கப்பட்டனர்; காலணியின் மேல்தோலை வீட்டில் வைத்துக் கையால் தைத்துக் கொடுக்கும் வேலையும் ஆம்பூர்ப் பகுதியில் பரவியது. தாய் காலையில் கம்பெனி வண்டி ஏறினால், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு வயது மகளின் பொறுப்பாகிறது. அவள் படிப்பது ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோதான்.

தோல் தொழில் நிலத்தையும் மாற்றியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. டேனரிகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக ஓர் ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசு செய்பவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பாக அது நினைக்கப்படுகிறது. கல்வி வரலாற்றில் அதற்கு மற்றொரு பொருளும் உண்டு. கிணறு கெட்ட குடும்பத்தின் பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தொழிலாக விவசாயம் என்று எழுத இனி வழியில்லை. கூலி என்றே எழுத வேண்டும்.

பள்ளிகள் வந்த மூன்று வழிகள்

இப்பகுதியில் பள்ளிக்கூடங்கள் மூன்று வழிகளில் வந்தன.

முதலாவது கிறித்தவ மிஷன் பள்ளிகள். அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853இல் ஸ்கடர் சகோதரர்களால் அமைக்கப்பட்டது. வேலூரில் ஊரிசுக் கல்லூரி 1898இல் தொடங்கியது. ஆம்பூர்ப் பகுதியில் மிசௌரி லூத்தரன் மிஷன் கன்கார்டியா பள்ளியையும் பெதஸ்தா மருத்துவமனையையும் நடத்தியது. மற்றப் பள்ளிகளில் இடம் மறுக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் பலருக்கு மிஷன் பள்ளியே முதல் பள்ளியாயிற்று.

இரண்டாவது இஸ்லாமியக் கல்விச் சங்கங்கள் நடத்திய பள்ளிகள். 1882ஆம் ஆண்டின் ஹண்டர் கல்விக் குழு, இஸ்லாமியப் பிள்ளைகளுக்கு இந்துஸ்தானி மொழி வழியே கற்பிக்கலாம் என்று பரிந்துரைத்தது. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் ஊர்களின் தோல் வணிகர்கள் தங்கள் வருவாயின் ஒரு பகுதியைக் கல்விக்குக் கொடுத்தனர். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும், ஆம்பூர் மழ்ஹருல் உலூம் கல்லூரி 1969இலும் தொடங்கப்பட்டன. தோல் தொழில் ஒரு சிறு நகரத்துக்குக் கல்லூரி வரை கொண்டுவந்து சேர்த்தது என்பது இப்பகுதியின் பெருமைகளுள் ஒன்று.

மூன்றாவது அரசும் உள்ளாட்சியும் நடத்திய பள்ளிகள். 1893இல் சென்னை மாகாண அரசு, அன்று பஞ்சமர் எனக் குறிக்கப்பட்ட மக்களின் கல்விக்குத் தனிச் சலுகைகள் அளித்து ஆணை பிறப்பித்தது. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் நகராட்சிகளும் மாவட்ட நிர்வாகமும் தொடக்கப் பள்ளிகளைப் பெருக்க வழி செய்தது. தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோருக்கெனத் தொடங்கிய பள்ளிகளே பிற்காலத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின.

இவ்வாறு மூன்று வழிகளில் பள்ளிகள் வந்ததால், ஊரில் வசதியும் சங்க ஆதரவும் உள்ள குடும்பங்கள் முதல் இரண்டு வகைப் பள்ளிகளில் இடம் பெற்றன. மற்றவர்கள் மூன்றாம் வகைப் பள்ளிக்கு வந்தனர். இன்றைய அரசு நடுநிலைப் பள்ளியின் மாணவர் பின்னணிக்கு இந்தப் பழைய பிரிவே அடிப்படை.

நடுநிலைப் பள்ளி என்ற அமைப்பு

பழைய முறையில் எட்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளி உயர்தரத் தொடக்கப் பள்ளி எனப்பட்டது. அதன் முடிவில் இ.எஸ்.எல்.சி. என்ற பொதுத்தேர்வு இருந்தது. அதில் தேறியவர் ஆசிரியர் பயிற்சி முடித்து ஹையர் கிரேடு ஆசிரியராக முடியும். எட்டாம் வகுப்பு அக்காலத்தில் ஒரு வாழ்க்கைக்குப் போதுமான படிப்பாகக் கருதப்பட்டது. ஆகவே அத்தேர்வு வரை வந்து எழுதியவர்கள் வடிகட்டப்பட்ட ஒரு சிலரே.

1953இல் இராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் அரைநாள் பாட முறையைக் கொண்டுவந்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் தத்தம் குடும்பத் தொழிலைக் கற்கலாம் என்பது அதன் கருத்து. தோல் பதனிடுவோரின் பிள்ளை மீதி நேரத்தில் என்ன கற்கும் என்ற கேள்வி இப்பகுதியில் வெறும் கொள்கை விவாதமாக இருக்க முடியாது. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்ட அத்திட்டத்தை 1954இல் முதலமைச்சரான காமராசர் கைவிட்டார். அவ்வாண்டே அவர் சட்டமன்றத்துக்கு இடைத்தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட தொகுதி குடியாத்தம்; அது இதே தொழில் பகுதியை ஒட்டிய ஊர்.

காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவுத் திட்டம் 1956இல் தொடங்கி விரிவடைந்தது. 1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்து, சிற்றூர்ப் பள்ளிகள் அவற்றின் பொறுப்புக்கு வந்தன. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்று இன்றும் பெயர்ப் பலகையில் எழுதப்படுவதன் காரணம் இதுவே. 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 1984இல் அது 10 முதல் 15 வயது வரையுள்ள மாணவருக்கும் விரிவாக்கப்பட்டது. நடுநிலை வகுப்புகளைப் பொறுத்தவரை அந்த விரிவாக்கமே முக்கியமானது. ஐந்தாம் வகுப்போடு சோறு நின்றுபோனால் ஆறாம் வகுப்புக்கு வர ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு காரணம் குறைகிறது.

இன்றைய விதிப்படி ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளியும் மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலை வகுப்புகளும் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்களுக்கு இந்தத் தூரம்தான் படிப்பின் எல்லையாக அமைகிறது.

மாணவர் பின்னணி: பதிவேட்டின் பத்திகள்

ஒவ்வொரு பள்ளியிலும் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். அதில் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், தொழில், மதம், சாதி, தாய்மொழி, சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் என்ற பத்திகள் உண்டு. தோல் தொழில் பகுதியில் இவற்றுள் மூன்று பத்திகள் தனிக் கவனத்துக்கு உரியவை.

முதலாவது தாய்மொழி. 2011 கணக்கெடுப்பில் ஆம்பூர் நகரின் மக்கள்தொகை 1,14,000க்கும் மேல். அதில் ஏறத்தாழ பாதிப் பேர் இஸ்லாமியர். அவர்களில் பெரும்பாலான குடும்பங்களில் தக்காணி உருது பேசப்படுகிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய சிற்றூர்களில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் உண்டு. ஆகவே இப்பகுதியில் தமிழ் வழி அரசுப் பள்ளிகளுடன் உருது வழி நடுநிலைப் பள்ளிகளும் அரசாலும் நகராட்சிகளாலும் நடத்தப்படுகின்றன. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழை ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. அந்தப் படிநிலை பத்தாம் வகுப்பை எட்டியது 2015–16ஆம் கல்வியாண்டில். மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றம் சென்றன; 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மேலும் ஓராண்டுக்கு விலக்கு அளித்தது. வீட்டில் ஒரு மொழி, வகுப்பறையில் ஒரு மொழி, தேர்வில் மற்றொரு மொழி என்ற நிலை பிள்ளையின் மதிப்பெண்ணில் தெரியும். அதன் காரணம் மதிப்பெண் பட்டியலில் தெரியாது.

இரண்டாவது சாதி, மதப் பத்தி. ஆங்கிலேயர் காலத்துக் கல்வித் துறை ஆண்டறிக்கைகளிலேயே இஸ்லாமியர், பஞ்சமர் என்று தனித் தலைப்புகளில் மாணவர் கணக்கு தரப்பட்டது. அண்மைக் காலத்தில் 2007இல் பிற்படுத்தப்பட்ட இஸ்லாமியருக்கு 3.5 விழுக்காடும், 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடும் உள் ஒதுக்கீடு தரப்பட்டபின், இவ்விரு பிரிவினரும் மாணவர் கணக்கில் தனித் தலைப்பு பெற்றனர். அதற்கு முன் பெரிய தொகுப்புகளுக்குள் மறைந்திருந்தவர்களின் எண்ணிக்கையைத் தனியே பார்க்க இது வழி செய்தது.

இங்கு ஒரு பொதுக் கருத்தைத் திருத்திக்கொள்வது நல்லது. 2001 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு இஸ்லாமியரின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரி 73.5 விழுக்காடு. ஆகவே இஸ்லாமியர் மிகுந்த நகரம் என்பதால் எழுத்தறிவு குறைந்த நகரம் என்று முடிவுகட்ட இடமில்லை. வேற்றுமை சமூகங்களுக்கு உள்ளேயும் இருக்கிறது. ஏற்றுமதி செய்யும் குடும்பத்துக்கும் பீடி சுற்றும் குடும்பத்துக்கும் மதம் ஒன்றாக இருக்கலாம். பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றாக இருப்பது அரிது.

மூன்றாவது பெற்றோர் தொழில். 1977–78 முதல் இந்திய அரசு, சுகாதாரக் குறைவான தொழில் புரிவோரின் குழந்தைகளுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கி வருகிறது. துப்புரவுப் பணியாளருடன் தோல் உரிப்போரும் தோல் பதனிடுவோரும் அதில் அடங்குவர். 1976ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தின் கீழ்ப் பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை உண்டு. ஆனால் இவ்வுதவிகளைப் பெறப் பெற்றோர் அந்தத் தொழிலைச் செய்கிறார் என்பதற்குச் சான்று வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் நாள்கூலிக்குச் செல்பவருக்கும் அடையாள அட்டை இல்லாமல் வீட்டில் பீடி சுற்றுபவருக்கும் அந்தச் சான்று எளிதில் கிடைப்பதில்லை. பதிவேட்டில் வெறுமனே கூலி என்று எழுதப்பட்ட பிள்ளை, தன் பெற்றோரின் கடினமான வேலைக்காகவே அரசு ஒதுக்கிய பணத்தை இழக்க நேரிடுகிறது. ஆகவே தொழில் பத்தியைச் சரியாக நிரப்புவதும் இப்பகுதியில் ஆசிரியரின் கடமைகளுள் ஒன்று.

வேலை பிள்ளைகளை அழைத்த காலம்

பதினொன்று முதல் பதினான்கு வயது வரை உள்ள பருவமே நடுநிலை வகுப்புகளின் பருவம். கை தேறத் தொடங்கும் வயதும் அதுவே. குடியாத்தம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, வேலூர் வட்டாரங்களில் பீடித் தொழில் வீடு வீடாகப் பரவியிருந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை வேலைக்கு விடும் வழக்கமும் இருந்தது. பிள்ளை இலையை வெட்டும், தூள் அடைக்கும், முனை மடிக்கும். கடன் அடையும் வரை பள்ளி இல்லை.

சட்டங்கள் நெடுங்காலமாகவே உண்டு. குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதை 1933ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது. 1938ஆம் ஆண்டின் குழந்தைகள் வேலைச் சட்டம், பீடி சுற்றுதலையும் தோல் பதனிடுதலையும் அட்டவணையிலேயே குறிப்பிட்டு, 12 வயதுக்கு உட்பட்டோரை அவ்வேலைகளில் அமர்த்தத் தடை விதித்தது. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதை எல்லையாக்கி, அதே இரண்டு தொழில்களையும் மீண்டும் அட்டவணையில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தினருடன் சேர்ந்து செய்யும் வேலைக்கு விலக்கு இருந்தது. பீடியோ வீட்டில்தான் சுற்றப்பட்டது. சட்டம் தடுக்க வேண்டிய இடமும் சட்டம் விலக்கிய இடமும் ஒரே திண்ணையாக இருந்தன.

1990களில் இந்நிலை மாறத் தொடங்கியது. மாவட்ட நிர்வாகம் கொத்தடிமைப் பிள்ளைகளை மீட்டுச் சிறப்புப் பள்ளிகளில் சேர்த்தது. அக்காலத்தில் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார் இப்பணியில் ஈடுபட்டார். மீட்கப்பட்ட பிள்ளைகளை வழக்கமான வகுப்பில் அமர்த்தினால் அவர்கள் தங்குவதில்லை என்ற சிக்கல் எழுந்தது. வயது பதினொன்று, எழுத்து தெரியாது. இரண்டாம் வகுப்பில் சிறு பிள்ளைகளோடு உட்கார வெட்கம், ஆறாம் வகுப்பில் பாடம் புரியாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டைகளைக் கொண்டு கற்கும் ரிஷிவேலி முறை இதற்கு ஒரு வழியாகத் தெரிந்தது. பின்னர் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003இல் அவர் அம்முறையை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். அதுவே செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் மாநிலம் முழுதும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்ற முறை வந்தது. தமிழ்நாட்டின் பெரிய கல்விச் சீர்திருத்தம் ஒன்றின் தொடக்கத்தில் வேலூர் மாவட்டத்து உழைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதைப் பலர் அறிவதில்லை.

தேர்ச்சி என்ற அளவுகோல்

தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினர் என்ற கணக்கு. தேர்வு வரை வராதவர்கள் இக்கணக்கில் இல்லை. இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

ஒரு பள்ளியில் 40 பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார்கள் என்று கொள்வோம். அவர்களில் 25 பேர் கடைசி வகுப்பு வரை வந்தார்கள். 25 பேரும் தேறினார்கள். தேர்ச்சி 100 விழுக்காடு. மற்றொரு பள்ளியிலும் 40 பேர் சேர்ந்தார்கள். 38 பேர் கடைசி வரை வந்தார்கள். 33 பேர் தேறினார்கள். தேர்ச்சி ஏறத்தாழ 87 விழுக்காடு. பட்டியலில் முதல் பள்ளி மேலே நிற்கும். இரண்டாம் பள்ளித் தலைமையாசிரியர் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் சேர்ந்த 40 பேரில் படித்துத் தேறியவர்கள் முதல் பள்ளியில் 25, இரண்டாம் பள்ளியில் 33. படிப்பில் பின்தங்கிய பிள்ளையை வீட்டுக்குப் போகவிடாமல் பிடித்து வைத்த பள்ளி அந்த உழைப்புக்காகவே குறைந்த எண்ணைப் பெறுகிறது.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்று அது விதித்தது. 2019இல் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு நடத்தத் தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது. எதிர்ப்புக்குப்பின் 2020 பிப்ரவரியில் அந்த முடிவைக் கைவிட்டது. இதனால் நடுநிலைப் பள்ளியின் வேலை வெளியில் தெரியும் முதல் இடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வாகிவிட்டது. அத்தேர்வு வேறொரு பள்ளியில், இரண்டு ஆண்டு கழித்து நடக்கிறது.

அண்மை முடிவுகளைப் படிக்கும்போது நோய்த்தொற்றுக் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024இல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 2020–21இல் ஏழாம் வகுப்பில் இருந்தவர்கள். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன. அதாவது அப்பிள்ளைகள் ஏழாம் வகுப்பை முழுதுமாகவும் எட்டாம் வகுப்பில் பாதிக்கு அருகிலும் பள்ளி இல்லாமலே கடந்தார்கள். இது மாநிலம் முழுதுக்கும் பொது என்பது உண்மை. ஆனால் வீட்டில் தனிக் கைப்பேசியும் பாடம் சொல்லித் தரப் படித்த பெற்றோரும் உள்ள பிள்ளைக்கும், தாய் தந்தை இருவரும் ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் செல்லும் பிள்ளைக்கும் அந்த இருபது மாதங்கள் ஒன்றாக இருந்திருக்க முடியாது. பின்னங்களும் முழுக்களும் இயற்கணிதமும் தொடங்கும் வகுப்புகள் இவை. அங்கு விட்ட இடம் பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் தெரியும்.

பள்ளிப் பிள்ளைகளின் பங்கீடும் மாறியுள்ளது. மெட்ரிக் பள்ளிகள் பெருகின. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களில் ஏழைக் குடும்பப் பிள்ளைகள் தனியார் பள்ளிகளுக்கு அரசுச் செலவில் செல்லத் தொடங்கினர். இதை ஈடுகட்ட 2012–13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. எனினும் விண்ணப்பம் நிரப்பவும் பள்ளி தேடவும் முடிந்த பெற்றோரின் பிள்ளைகள் வெளியேறும்போது, அது முடியாத பெற்றோரின் பிள்ளைகளே மிகுதியாக அரசு நடுநிலைப் பள்ளியில் எஞ்சுகின்றனர். பத்தாண்டுக்கு முந்தைய வகுப்பையும் இன்றைய வகுப்பையும் ஒரே எண்ணால் ஒப்பிட்டு, பள்ளி சரிந்துவிட்டது என்று சொல்வதற்கு முன் இதைக் கருத வேண்டும்.

ஆறாம் வகுப்பின் புதிய மதிப்பு

2020 முதல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்படுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. இதனால் நடுநிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவு ஒரு பிள்ளையின் கல்லூரிக் காலம் வரை உடன் வரும் ஆவணமாகிவிட்டது.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் உதவித்தொகைத் தேர்வு நடத்தப்படுகிறது. அரசு, உள்ளாட்சி, உதவி பெறும் பள்ளிகளின் ஏழை மாணவர் இதில் வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். வகுப்பு நிறுத்தம் இல்லாத இக்காலத்தில், நடுநிலைப் பள்ளி தன் மாணவரின் திறனை வெளியில் காட்ட இத்தேர்வு ஒரு நல்ல வாய்ப்பு. இதில் ஒரு பிள்ளை வெல்வதன் பயனையும் இப்பகுதியின் நிலை கொண்டே மதிப்பிட வேண்டும். எட்டாம் வகுப்போடு கம்பெனிக்கு அனுப்பலாமா என்று எண்ணும் வீட்டில், அந்தப் பணம் ஒன்பதாம் வகுப்புக்கான வாதமாக அமைகிறது.

எண்களை எவ்வாறு படிப்பது

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். தோல் தொழில் பகுதியின் அரசு நடுநிலைப் பள்ளியை மதிப்பிடும்போது தேர்ச்சி விழுக்காட்டுடன் நான்கு விவரங்களைச் சேர்த்து வைக்க வேண்டும்: ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களில் எட்டாம் வகுப்பை முடித்தவர் எத்தனை பேர், முடித்தவர்களில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களின் தாய்மொழியும் பெற்றோர் தொழிலும் என்ன. இந்த நான்கும் பள்ளிப் பதிவேடுகளிலேயே உள்ளன. இவற்றைச் சேர்த்துப் பார்த்தபின்னும் ஒரு பள்ளி பின்தங்கியிருந்தால், அப்போது ஆசிரியர் பணியிடம், கற்பிக்கும் முறை, தலைமை ஆகியவற்றைக் கேள்வி கேட்பது நியாயமானது. பின்னணியைச் சொல்வது பள்ளியின் பொறுப்பைக் குறைப்பதற்காகக் கூடாது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நல்ல பாடம் கிடைக்கும் ஒரே இடம் பள்ளி என்பதால் அங்கு பொறுப்பு கூடவே செய்கிறது.

உள்ளூர் வரலாறு எழுத விரும்பும் மாணவருக்கும் இப்பதிவேடுகள் நல்ல மூலங்கள். தனி நபர் பெயர்களை விலக்கி, ஓர் ஊரின் பள்ளியில் பத்தாண்டுக்கு ஒருமுறை பெற்றோர் தொழில் எவ்வாறு மாறியது, எந்த வகுப்பில் மிகுதியான பிள்ளைகள் விலகினர், ஆண் பிள்ளைகள் எப்போது நின்றனர், பெண் பிள்ளைகள் எப்போது நின்றனர் என்று தலைமையாசிரியரின் அனுமதியுடன் பட்டியலிடலாம். டேனரிகளின் ஏற்றுமதிக் கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த டேனரிகளில் உழைத்தவர்களின் பிள்ளைகள் எந்த வகுப்பு வரை வந்தார்கள் என்ற கணக்கு, பல பள்ளிகளின் இரும்புப் பெட்டிகளில் இன்னும் படிக்கப்படாமல் இருக்கிறது. தாள்கள் பழுதாகும் முன் அதைப் படித்து எழுதுவது இப்பகுதியின் வரலாற்றுக்குச் செய்யத்தக்க பணியாகும்.